இசை வகுப்பைப் பரிசாக மாற்றாதீர்கள்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் பாடத்திட்டத்தை வகுக்கும் சிறப்பு ஆசிரியர்களுக்கும்,

அடுத்த பருவத்திலிருந்து இசை வகுப்பு கால அட்டவணையில் இருக்காது என்ற உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இசையால் பயன் உண்டு என்பது அறிவியல்படி நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று. அந்த நேரத்தை மொழிப் பயிற்சிக்கும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் கொடுத்தால் முன்னேற்றம் கூடும் என்பது இன்னொன்று. கடைசி வரியில் ஒரு சலுகையும் இருக்கிறது: கொடுத்த வேலையை ஒழுங்காக முடிக்கும் குழந்தைகள் டேப்லெட்டில் சற்று நேரம் பாட்டுக் கேட்கலாம். ஆண்டு விழா மட்டும் வழக்கம்போல் நடக்குமாம்.

இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நேரில் கேட்டபோது "முடிவெடுத்தாகிவிட்டது" என்ற பதில்தான் கிடைத்தது. சரி, அப்படியென்றால் எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் மகளுக்கு எட்டு வயது. அவளிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் வாய்க்கு வராது, அவ்வளவுதான். பசி, வலி, பயம் எல்லாவற்றுக்கும் அழுகைதான் அவளுக்குக் கைகொடுக்கும். இப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் ஓரமாக உட்காரலாம் என்று அந்த ஆசிரியர் அனுமதித்திருந்தார். முடிவெடுத்தவர்களில் யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. என் மகள் மேசையைத் தட்டுவாள். ஆசிரியர் அதே வேகத்தில் டிரம்மைத் தட்டுவார். அவள் வேகமெடுத்தால் அவரும் வேகமெடுப்பார். அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒன்று பிடிபடும்: எதிரே கேட்கும் சத்தம் தானாக வரவில்லை, தான் தட்டியதற்குப் பதிலாக வருகிறது. அது பிடிபட்டது என்று தெரிந்ததும் ஆசிரியர் ஒரு தட்டை வேண்டுமென்றே விட்டுவிடுவார். உடனே அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். என்ன ஆச்சு, உன் முறைதானே என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வையை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை. மற்ற வகுப்புகளில் "என்னைப் பார், என்னைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்பி வாங்குகிற பார்வையையும் நான் கண்டிருக்கிறேன். அதில் கண் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். அப்படிப் பார்த்ததையும் உங்கள் முன்னேற்ற அட்டையில் ஒரு டிக் போட்டுக் கணக்கு வைத்துக்கொள்கிறீர்கள். டிரம் அருகே அவளாக நிமிர்ந்து பார்த்ததற்கு அந்த அட்டையில் இடமே இல்லை.

இரண்டு பேர் ஒரே விஷயத்தில் கவனம் வைப்பது, அதைப் பற்றி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது, உன் முறை என் முறை என்று மாறி மாறிச் செய்வது. பேச்சு என்ற ஒன்று வருவதற்கு முன்பே குழந்தைகள் பழகிக்கொள்வது இவற்றைத்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிக்கலாவதும் இவைதான். 2008இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பாலர் வயதில் இருந்த ஆட்டிசக் குழந்தைகளை இரண்டு விதமான நேரங்களில் கவனித்தார்கள். ஒன்று பொம்மைகளோடு விளையாடும் நேரம், இன்னொன்று சிகிச்சையாளரோடு அந்தந்தக் கணத்தில் இசைத்து விளையாடும் நேரம். கண்ணோடு கண் பார்ப்பதும் முறை மாற்றிச் செய்வதும் இசை நேரத்தில் அதிகமாகவும் நீண்டும் இருந்தன. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததும் அதைத்தான்.

வீட்டுக்கு வந்த மாற்றத்தையும் சொல்கிறேன். கை கழுவுவது என்பது எங்கள் வீட்டில் ஒரு போராட்டமாக இருந்தது. தண்ணீர் பட்டால் கத்துவாள், இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஆசிரியர் நான்கு வரியில் ஒரு சின்ன மெட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயல். நான்காவது வரியில் துண்டு. "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று நான் சொல்லும்போது அந்தக் கொஞ்ச நேரம் எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. மெட்டு எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் பல் துலக்க ஒன்று, சட்டை மாட்ட ஒன்று, வெளியே கிளம்ப ஒன்று என்று மெட்டுகள் பெருகின. எனக்குக் குரல் வளம் சுத்தமாகக் கிடையாது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை; ஆனால் தாளம் பிசகினால் விட மாட்டாள், முதலிலிருந்து பாட வைப்பாள்.

அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரியாமல் இருப்பதுதான் இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெரிய பதற்றம். இசையில் அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அந்தத் தெளிவு கிடைத்த பிறகு சின்னச் சின்ன மாற்றங்களையும் அவர்களால் தாங்க முடிகிறது. நல்ல ஆசிரியர் இதை வைத்துத்தான் வேலை செய்கிறார்: முதலில் மாறாத ஒன்றைக் கொடுக்கிறார், பிறகு அதில் ஒரே ஒரு இடத்தை மாற்றுகிறார்.

இசைக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பு ஏதோ இப்போது கிளம்பிய மோஸ்தர் என்ற தொனி உங்கள் சுற்றறிக்கையில் தெரிகிறது. இந்த நிலையை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இசை இருக்கிறது. அதில் அவர் விவரித்த 11 குழந்தைகளில் முதல் சிறுவன், ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் பாடியவன். 1959இல் பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயச் சிறப்பு ஆசிரியரும் சேர்ந்து, குழந்தையின் அழுகைக்கும் அசைவுக்கும் ஏற்ப அந்த இடத்திலேயே பியானோவில் இசைத்து அதன் வழியாகக் குழந்தையிடம் போய்ச் சேரும் முறையைத் தொடங்கினார்கள். நீங்கள் நிறுத்தப் போகும் வகுப்பில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

இப்போது "நிரூபிக்கப்படவில்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். சுற்றறிக்கை 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வைச் சுட்டுகிறது. அந்த ஆய்வை நானும் படித்தேன். 9 நாடுகளில், 4 முதல் 7 வயதுக்கு உட்பட்ட 364 குழந்தைகள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சையும் பெற்றோருக்கான ஆலோசனையும் கிடைத்தன. ஒரு பகுதியினருக்கு அவற்றோடு இசை சிகிச்சையும் சேர்ந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவினரையும் ஏடாஸ் என்ற சோதனையால் அளந்தார்கள். சமூக உறவு சார்ந்த அறிகுறிகளின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உண்மைதான், இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் ஏடாஸ் என்பது ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டறிய உருவாக்கப்பட்ட சோதனை. என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பத்து வருடம் கழித்தும் இருக்கும். அதைப் போக்கத்தான் இசை வகுப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் கை கழுவினாளா, தன் முறைக்குக் காத்திருந்தாளா, வகுப்பு முடியும்போது முகம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் அந்த மதிப்பெண் சொல்லாது.

அதோடு, கதை 2017இல் நின்றுவிடவில்லை. ஒரு துறையில் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2022இல் இசை சிகிச்சை குறித்த தன் மதிப்பாய்வைப் புதுப்பித்தது. 26 ஆய்வுகள், 1165 பேர். நீங்கள் சுட்டிய ஆய்வும் அதில் அடக்கம். ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கான வாய்ப்பை இசை சிகிச்சை கூட்டக்கூடும், ஆட்டிச அறிகுறிகளின் மொத்தத் தீவிரத்தைக் குறைக்கவும் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவும் உதவக்கூடும், பாதகமான விளைவுகள் கூடுவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. சமூக உறவாடலிலும் பேச்சிலும் சிகிச்சை முடிந்த கையோடு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அதே மதிப்பாய்வு ஒளிக்காமல் சொல்கிறது. ஐந்து வருடம் முந்தைய ஆய்வை மட்டும் எடுத்துப் போட்டு, அதையும் உள்ளடக்கிய புதிய மதிப்பாய்வை விட்டுவிட்டது கவனக் குறைவா, வேறேதுமா என்று நான் ஆராயப் போவதில்லை. விட்டுப்போனது என்று பதிவு செய்கிறேன்.

"அந்த ஆசிரியர் நல்லவர், பொறுமைசாலி. அவரே பொம்மை வைத்து விளையாடினாலும் இதே பலன் கிடைத்திருக்கும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நியாயமான சந்தேகம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட 51 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இசை, மற்றவர்களுக்கு இசை இல்லாத விளையாட்டு. இரண்டிலும் கூட ஆள் உண்டு. 8 முதல் 12 வாரங்களில் இசைப் பிரிவில் இருந்த குழந்தைகளின் தகவல் தொடர்பு மேம்பட்டதாகப் பெற்றோர் மதிப்பிட்டார்கள். மூளையில் கேட்டல் சார்ந்த பகுதிகளுக்கும் இயக்கம் சார்ந்த பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு கூடியிருந்ததை ஸ்கேனும் காட்டியது. ஒரே ஓர் ஆய்வை வைத்துக் கொடி பிடிக்கக் கூடாதுதான். இருந்தாலும் "ஆள் போதும், இசை எதற்கு" என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்பது புரிகிறதல்லவா?

அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இசைக்கு இவ்வளவு கறாராகச் சான்று கேட்கும் நீங்கள், அதன் இடத்தில் கொண்டுவரும் டேப்லெட் பாட்டுக்கு என்ன சான்று பார்த்தீர்கள்? சுற்றறிக்கையில் அது பற்றி ஒரு வரி இல்லை. ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வையுங்கள்.

மொழிப் பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்கிறீர்கள். எனக்கும் வேண்டும்; என் மகள் பேச வேண்டும் என்ற ஆசை என்னைவிட உங்களுக்கு அதிகமாக இருக்க முடியாது. ஆனால் மொழியையும் இசையையும் எதிரெதிரே நிறுத்தியிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 2012இல் வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பேச்சைக் கேட்டபோது மூளையின் இடது முன்பகுதியில் மொழிக்கு முக்கியமான ஓர் இடம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இயங்கியது. பாட்டைக் கேட்டபோது அதே இடம் கூடுதலாக இயங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பேச்சே வராத 6 குழந்தைகளோடு வேறொரு குழு ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தது. சுருதி சேர்த்த இரண்டு டிரம்களைக் கையால் தட்டிக்கொண்டே சொற்களை இழுத்து ராகமாகச் சொல்லும் முறை அது. சிறிய சோதனைதான், ஆனாலும் அந்தக் குழந்தைகள் சொற்களையும் சொல்லின் பகுதிகளையும் உச்சரிப்பதில் முன்னேறினார்கள். இதைச் செய்து பார்க்க உங்களிடம் டிரம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், ஸ்பீச் தெரபிஸ்டும் இருக்கிறார். இருவரையும் ஒரே அறையில் வைப்பதற்குப் பதில் ஒருவரை அனுப்பிவிடப் பார்க்கிறீர்கள்.

நான் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. பாட்டு வந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்பிப் பல பெற்றோர் ஏமாந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்தினால், என் மகள் அதைச் சரியான சுருதியில் நிரப்புவாள். அந்தச் சொல் "தண்ணீர்" என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநிமிடம் தாகம் எடுத்தால் அந்தச் சொல் அவளுக்கு வராது. பாட்டுக்குள் இருக்கும் சொல் பாட்டின் ஒரு பாகமாகத்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்துவர வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் ஆசிரியர் தண்ணீர்ப் படம் உள்ள அட்டையை அவள் கையில் கொடுத்து, அட்டையை நீட்டினால் பாட்டு தொடரும் என்று பழக்கினார். பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் அதே அட்டையைப் பாட்டு இல்லாமல் பயன்படுத்தினார். இப்போது தாகம் எடுத்தால் அட்டையைத் தேடுகிறாள். இரண்டு பேர் சேர்ந்து போட்ட பாலம் இது. இன்னும் பாதிதான் கட்டியிருக்கிறார்கள்.

டேப்லெட் விஷயத்துக்கு வருவோம். ஹெட்ஃபோனில் ஓடும் பாட்டு அவளுக்காக நிற்காது. அவள் அழுதால் மெதுவாகாது, சிரித்தால் திரும்ப வராது. சுவரில் பந்தடிப்பதற்கும் எதிரே ஒருவரை வைத்துப் பந்து விளையாடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தனியாகப் பாட்டுக் கேட்பதில் தவறே இல்லை, வீட்டில் அவளும் கேட்கிறாள், அது அவளுடைய ஓய்வு. ஆனால் தனிமையில் இருக்கும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே நன்றாக வரும். அதற்குப் பள்ளி தேவையில்லை.

பரிசு என்ற யோசனை இன்னும் மோசம். எந்தக் குழந்தை அன்று வேலையை முடிக்கும்? நன்றாகத் தூங்கியவள், வகுப்பறை விளக்கின் இரைச்சல் காதைக் குடையாதவள், வழக்கமான பாதையில் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். எந்தக் குழந்தை முடிக்காது? ஏற்கெனவே உடைந்துபோய் உட்கார்ந்திருப்பவள். இசை யாருக்கு அன்று அதிகம் தேவையோ அவளுக்கு அது கிடைக்காதபடி ஒரு விதியைப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பீச் தெரபியை "சமர்த்தாக இருந்தால்தான்" என்று சொல்வீர்களா?

இனி ஆண்டு விழா. இதைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது, மன்னிக்க வேண்டாம், அது கோபம்தான். சென்ற விழாவில் ஆளுயர ஸ்பீக்கர்களை மேடையின் இரு பக்கமும் வைத்தீர்கள். ஒலியை அளவுக்கு மீறி உணர்வது ஆட்டிசத்தில் எவ்வளவு பரவலானது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு புலன் உணர்வு வேறுபாடுகளை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. மேடையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற உதவியாளர்கள் அந்தக் கைகளைக் காதிலிருந்து எடுத்து, பாட்டுக்கு ஏற்ப ஆட்டினார்கள். ஒலித்ததோ எங்கோ பதிவு செய்த பாட்டு. பார்வையாளர்கள் கண்ணீர் விட்டுக் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலும் இன்னொரு இரைச்சல். என் மகள் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. அடுத்த வாரம் இசை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆசிரியர் ஒரு வாத்தியத்தையும் தொடாமல், அவளோடு தரையில் உட்கார்ந்து அவள் முனகலுக்கு மெல்ல முனகித்தான் அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார். இந்த இரண்டில் எதை வைத்துக்கொண்டு எதை நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள்.

அந்த முனகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் நடத்தைப் பதிவேட்டில் அது "தேவையற்ற ஒலி" என்று குறிக்கப்பட்டிருக்கிறது, குறைக்க வேண்டிய இலக்கும் போட்டிருக்கிறார்கள். பதற்றம் ஏறும்போது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தங்கள் சிறுவயதைப் பற்றி எழுதும்போது, ஆடுவதையும் முனகுவதையும் அடக்கச் சொன்னது தங்களைக் காயப்படுத்தியது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இசை வகுப்பு ஒன்றில்தான் அந்த ஒலிக்கு ஒருவர் பதில் கொடுத்தார்.

பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கும்: "அவளுக்கு இசையில் தனித்திறமை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வெளியே நல்ல குருவிடம் அனுப்புங்கள்." ஆட்டிசம் என்றதும் ஒரு மேதையை எதிர்பார்க்கும் பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை. ஒருமுறை கேட்டதைப் பியானோவில் அப்படியே வாசிக்கும் டெரெக் பாராவிசினி போன்றவர்கள் உண்டு. மிக அரிதானவர்கள் அவர்கள். என் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. சாதாரணக் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு வைக்கும்போது திறமையைச் சோதித்தா சேர்க்கிறோம்? கலையில் பங்குகொள்வது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 31ஆவது பிரிவில் சொல்கிறது. தன் படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 30ஆவது பிரிவில் சொல்கிறது. மேதையாக இருந்தால் மட்டும் என்று இரண்டிலும் இல்லை.

எல்லாக் குழந்தைக்கும் இசையைத் திணியுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகளோடு படிக்கும் ஒரு சிறுவனுக்கு எந்த வாத்தியமும் ஆகாது, அவன் அந்த நேரத்தில் தோட்டத்துக்குப் போவது நல்லது. போகட்டும். அதேபோல் இசை என்ற பெயரில் விற்கப்படும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவும் இல்லை. கீ பெரார் என்ற பிரெஞ்சு மருத்துவர் தொடங்கிய ஒலிப் பயிற்சி முறை, வடிகட்டிய இசையை ஹெட்ஃபோனில் மொத்தம் 10 மணி நேரம் கேட்டால் போதும் என்று உலகமெங்கும் பெற்றோரை ஈர்த்தது. அதை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்று 2011இல் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லிவிட்டது. ஆக, கேட்க வைப்பது வேறு, கூடச் சேர்ந்து இசைப்பது வேறு. நீங்கள் விட்டுவிட்டது இரண்டாவதை, பிடித்துக்கொண்டது முதலாவதை.

நான் கேட்பவை இவை.

இசை வகுப்பை நிறுத்தும் முடிவை அடுத்த பருவம் தொடங்கும் முன் திரும்பப் பெறுங்கள். வகுப்பு இப்போது போலவே மாறாத நாளில், மாறாத நேரத்தில், அதே அறையில் இருக்கட்டும். "நேரம் கிடைக்கும்போது" என்ற ஏற்பாடு எங்கள் குழந்தைகளுக்கு ஏற்பாடே அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு இசைத்துப் பழகப் பயிற்சி பெற்றவர்தான் அதை நடத்த வேண்டும். கையில் ஸ்பீக்கர் வைத்திருக்கும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.

இசையைப் பரிசாகக் காட்டுவதையும் தண்டனையாகப் பறிப்பதையும் விதியிலிருந்தே நீக்குங்கள். டேப்லெட் நேரத்தை இசை வகுப்பு என்று கணக்குக் காட்டாதீர்கள்.

ஒவ்வொரு குழந்தையின் தனிக் கல்வித் திட்டத்திலும் இசை வகுப்புக்கான இலக்குகளை எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சின்ன இலக்குகள் போதும்: தன் முறைக்குக் காத்திருக்கிறாளா, நின்றுபோனதை மறுபடி கேட்கிறாளா, தானாக வந்து ஒரு வாத்தியத்தை எடுக்கிறாளா. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு அவ்வப்போது வீடியோ எடுத்து, பருவ முடிவில் ஸ்பீச் தெரபிஸ்டும் இசை ஆசிரியரும் எங்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழந்தைக்குப் பலன் இல்லை என்று தெரிந்தால் அந்தக் குழந்தைக்கு வேறு வழி யோசிப்போம், என் மகளாக இருந்தாலும் சரி. "முனகலைக் குறைத்தல்" போன்ற இலக்குகள் மட்டும் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

ஆண்டு விழாவில் மேடையேறுவது குழந்தையின் விருப்பமாக இருக்கட்டும். ஒலிபெருக்கியின் அளவைக் கட்டுப்படுத்துங்கள், காதுக் கவசத்தை அனுமதியுங்கள், எந்த நேரமும் எழுந்து போகக்கூடிய அமைதியான அறை ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒரு குழந்தை காதைப் பொத்தினால் அந்தக் கையை யாரும் தொடக் கூடாது.

கடைசியாக, பாடத்திட்டக் குழுவில் பெற்றோர் இருவரையும், ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர் ஒருவரையாவது உறுப்பினராகச் சேருங்கள். பார்வையாளராக உட்கார வைத்தால் போதாது, வாக்குரிமை வேண்டும். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில் கொடுங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். அந்தப் பதிலை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் பெற்றோர்